இரண்டாம் தடவை எழுதிய விமானப் பரீட்சை

பிள்ளைக் காம்பராவின் பின்சுவரில் சாய்ந்து நின்றால் மட்டும்தான் எங்கள் தோட்டத்தில் ஒழுங்கான சிக்னல் கிடைக்கும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அதனால் விமானம் ஓட்டுவதற்கான என் முதல் பாடங்களை நான் குழந்தைகளின் அழுகைக்கு நடுவில்தான் கேட்டேன். ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துபோனது. கொழும்புப் பக்கமிருந்து ஒன்லைனில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பயிற்றுநர் பேச்சை நிறுத்திவிட்டு, அது உங்கள் குழந்தையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை சேர் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் சொன்ன எதுவும் என் தலையில் ஏறவில்லை.

றக்வானைக்கு மேலே இருக்கும் தோட்டம் எங்களுடையது. அப்பா ஃபெக்டரியில் கிளாக்கர். அம்மா தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியல் எனக்கு நன்றாகத்தான் வந்திருந்தது, ஆனால் மற்றப் பாடங்கள் இழுத்துவிட்டதில் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் தாதியாக இருக்கும் அக்கா, எனக்குப் பிடித்ததைப் படிக்கச் சொன்னாள், செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். நான் பைலட் என்றேன். ஏன் பைலட் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் எதுவும் இருந்ததில்லை. சின்ன வயதில் வானத்தைப் பார்த்துக் கனவு கண்டேன் என்றெல்லாம் சொன்னால் அது பொய். ஃபோனில் ஒரு விளம்பரம் வந்தது. அதைப் பார்த்ததும் வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பறக்கும் பள்ளியில் சேர்ந்தவுடன் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். ஆனால் எங்கள் பள்ளியின் ஒழுங்கு வேறு மாதிரி இருந்தது. முதலில் மாணவ பைலட்டுக்கான அடிப்படைக் கோட்பாட்டுப் பரீட்சையில் தேற வேண்டும். அதில் ஆகாயச் சட்டம், வானிலை, விமானம் எப்படி மிதக்கிறது, எஞ்சின் எப்படி வேலை செய்கிறது, கருவிகளை எப்படி வாசிப்பது எல்லாம் வரும். எல்லாமே பல்தேர்வு வினாக்கள். எல்லாமே ஆங்கிலத்தில்.

நான் பௌதிகவியல் படித்தது தமிழில். அமுக்கம் என்றால் எனக்குத் தெரியும். ஆர்முடுகல் தெரியும். காற்று ஒரு வளைந்த பரப்பின் மேல் வேகமாக ஓடினால் அங்கே அமுக்கம் குறையும் என்பதைப் படம் வரைந்து, சமன்பாடு எழுதி, நிறுவிக் காட்டுவேன். ஆனால் அதே விஷயம் ஆங்கிலத்தில் நான்கு வரியாக வந்து நின்றால் யாரோ முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன். விமானம் ஸ்டோல் ஆவது என்று ஒரு முழு அத்தியாயம் இருந்தது. அகராதியைப் புரட்டினேன். கடை, தொழுவம் என்று போட்டிருந்தது. எஞ்சின் நின்றுபோவதாக இருக்கும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து ஒரு வாரம் அப்படியே படித்தேன். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறிப் போனால் தூக்கு விசை அறுந்துபோவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தபோது புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அது அச்சடித்த புத்தகம் கூட இல்லை, ஃபோனில் இருந்த பிடிஎஃப். ஃபோனை எறிய முடியாது.

பயிற்றுநர் கடினமான இடம் வந்தால் சிங்களத்துக்கு மாறிவிடுவார். றக்வானை பஜாரில் வளர்ந்த சிங்களம் எனக்கு நன்றாகவே கை கொடுத்தது. "தேருனாத?" என்று அவர் கேட்கும்போது விளங்கிவிட்டது சேர் என்று மனதாரச் சொல்வேன். ஆக, சிங்களத்தில் விளங்கி, தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் விடை தேட வேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கோ ஒரு படியில் நான் தினமும் வழுக்கினேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும். காலமெல்லாம் கொழும்பு ஒபிசுக்குக் கடிதம் எழுதிய ஆங்கிலம். அவரிடம் உதவி கேட்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடத்தைத் திறந்து வைத்து வாசித்துக் காட்டினேன். உயரம் காட்டும் கருவியைப் பற்றிய பாடம்.

"அல்டிமீட்டர்..." என்று தொடங்கினேன்.

"ஆல்டிமீட்டர்," என்றார் அப்பா.

"சரிப்பா. ஆல்டிமீட்டர் செட்டிங்..."

"செட்டிங் இல்ல, ஸெட்டிங். மெதுவா சொல்லு."

"அப்பா, எனக்கு உச்சரிப்பு வேணாம். இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனைத் தூரமாகப் பிடித்து வாசித்தார். மறுபடி வாசித்தார். "இங்கிலீஸ் எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று திருப்பித் தந்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். "இப்ப என்னத்துக்கு கோவம்? நான் என்ன தப்பா சொன்னேன்?" என்று அவர் அம்மாவிடம் கேட்பது கேட்டது.

ஆகாயச் சட்டம் இன்னொரு தொல்லை. இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வாசிக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பிறந்ததிலிருந்து பெல்மதுளைக்கும் றக்வானைக்கும் நடுவில் பஸ்ஸில் போய் வந்தவள். வளைவில் எதிரே லொறி வந்தால் எங்கள் டிரைவர் இடப்பக்கம் ஒதுக்குவார், மதிலை உரசும் அளவுக்கு ஒதுக்குவார். என் உடம்புக்குத் தெரிந்த சட்டம் அது. கேள்வியைப் படித்ததும் கை தானாக 'இடம்' என்ற விடையில் போய் நிற்கும். பத்துத் தடவை திருத்தியும் பதினோராவது தடவை மறுபடி அங்கேதான் நிற்கும்.

முதல் தடவை பரீட்சைக்கு நான் தனியாகத்தான் போனேன். விடியுமுன் கிளம்பிய கொழும்பு பஸ் மழையில் ஊர்ந்து ஊர்ந்து போனது. இரத்தினபுரியைத் தாண்டியதும் ஒரு மரம் சாய்ந்து கிடந்ததால் வரிசையில் நின்றோம். நான் மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு முகில்களின் வகைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட் அம்மா சிங்களத்தில், மகள் எங்கே போகிறாய் என்று கேட்டார். பைலட் பரீட்சைக்கு என்றேன். அவர் பையிலிருந்து ஒரு பனிஸ் எடுத்துச் சாப்பிடத் தந்தார். அதை அப்படியே என் பையில் வைத்துக்கொண்டேன்.

பரீட்சை மண்டபத்துக்குள் கதவைச் சாத்தும் நேரத்தில்தான் நுழைந்தேன். கணினித் திரையில் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு கேள்வி இன்றைக்கும் அப்படியே நினைவில் இருக்கிறது. அமுக்கம் கூடிய இடத்திலிருந்து அமுக்கம் குறைந்த இடத்துக்கு, ஆல்டிமீட்டரை மாற்றாமல் பறந்தால் என்ன ஆகும்? எனக்கு இது தெரியும். விமானம் உண்மையில் கீழே இருக்கும், ஆனால் கருவி அது மேலே இருப்பதாகச் சொல்லும். மலைநாட்டில் அப்படிப் பறந்தால் நேரே மலையில் போய் மோத வேண்டியதுதான். அவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், விடைகளில் ஓவர் ரீட், அண்டர் ரீட் என்று இரண்டைப் பார்த்ததும், விமானம் கீழேதானே இருக்கிறது என்று அண்டரை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இதைப்போல இன்னும் எத்தனை செய்தேனோ தெரியாது.

முடிவு மின்னஞ்சலில் வந்தது. தேறவில்லை.

தோட்டத்தில் எதையும் ஒளித்து வைக்க முடியாது. நான் பைலட்டுக்குப் படிக்கிறேன் என்பது எல்லா லயத்து வீடுகளுக்கும் தெரியும். அடுத்த நாள் சிக்னலுக்காக நான் பிள்ளைக் காம்பரா மேட்டில் ஏறியபோது, குழந்தைக்குப் பால் கொடுக்க வந்திருந்த ஒரு அக்கா, "என்ன பாப்பா, பாஸாயிட்டீங்களா?" என்றார்.

"இல்லக்கா."

"அதுக்கென்ன, அடுத்த தடவ ஆயிரலாம். பிளேன் ஓட்டுனா நம்ம தோட்டத்துக்கு மேல வருவீங்கதானே?"

நல்ல மனதோடு கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. "பாப்போம்க்கா," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு தமிழ் பேசும் பெண் இருந்தாள். மாவனல்லையைச் சேர்ந்த முஸ்லிம் பெண், அவளுடைய வாப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். வகுப்பில் சந்தேகம் வந்தால் நாங்கள் இருவரும் ஃபோனில் பேசிக்கொள்வோம். அவள் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். அந்தச் செய்தி வந்ததும் வாழ்த்து அனுப்பினேன், இரண்டு பூப்படங்களோடு. பிறகு ஒரு வாரம் அவளிடமிருந்து வந்த அழைப்பு எதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில் எடுத்தேன்.

"ஏன்டி, என்னோட கோவமா?" என்றாள்.

"இல்ல. இங்க சிக்னல் இல்ல."

"சிக்னல் இல்லாமயா பூ அனுப்பின? சரி, அத விடு. எங்க பிழைச்சதுன்டு சொல்லு."

ஆல்டிமீட்டர் கேள்வியைச் சொன்னேன். விமானம் கீழே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அப்படியும் பிழை என்றால் நான் என்ன செய்வது என்று கத்தினேன்.

"பிளேன் எங்க ஈக்குதுன்டு அவன் கேட்கல்லயே. மீட்டர் என்ன காட்டுதுன்டுதான் கேட்கிறான். மீட்டர் கூடக் காட்டுது. அப்ப ஓவர். நீ கேள்விய வாசிக்கிறதே இல்ல, எடுத்தவுடன பதில தேடுற. வகுப்புலயும் அப்படித்தான்."

இதை அவள் அன்பாகச் சொல்லவில்லை. எரிச்சலோடுதான் சொன்னாள். எனக்கும் ஆத்திரம் வந்து ஃபோனை வைத்துவிட்டேன். ஆனால் அன்று சாயந்தரம் மாதிரிக் கேள்விகளை எடுத்துப் பார்த்தபோது, நான் உண்மையிலேயே கடைசி வரியை வாசிக்காமல்தான் விடைக்குத் தாவுகிறேன் என்று தெரிந்தது. அடுத்த நாள் நானே அழைத்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "இன்னைக்கு நேரம் இருக்கா?" என்றேன். "ஈக்குது, சொல்லு," என்றாள்.

அதன் பிறகு நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். கேள்வியை நான் ஆங்கிலத்தில் வாசிப்பேன். விடைகளைப் பார்க்காமல், அந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தமிழில் சொல்வேன். சரியாகச் சொன்னால்தான் விடைகளை வாசிக்க அனுமதி. இது மிகவும் மெதுவான வேலை. ஒரு அத்தியாயம் முடிய நாள் கணக்கில் ஆனது. காபரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும் என்ற பாடத்தில் நாங்கள் சண்டையே போட்டுக்கொண்டோம். வெயில் நாட்டில் எப்படிப் பனி பிடிக்கும் என்று நான் கேட்க, ஈரக்காற்று உள்ளே போய் விரியும்போது குளிர்ந்துவிடும் என்று அவள் சொல்ல, எனக்கு அது விளங்கியும் விளங்காத மாதிரி இருந்தது. நடுவில் மழை பிடித்துக்கொள்ளும், தகரக் கூரையில் விழும் சத்தத்தில் அவள் குரல் கேட்காது. "அங்க என்ன, கல்லு கொட்டுறாங்களா?" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிச் செய்தி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுக்கிறார்கள் என்று முன்பு அம்மா என்னை விண்ணப்பிக்க வைத்திருந்தார். நான் அதை மறந்தே போயிருந்தேன். அம்மா மறக்கவில்லை. செய்தியைப் பார்த்ததும் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். நான் திகதியைப் பார்த்தேன். இரண்டாம் தடவை பரீட்சைக்கு எனக்குக் கொடுத்திருந்த அதே நாள்.

"அம்மா, அன்னைக்குத்தான் எனக்கு எக்ஸாம்."

அம்மா கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுக்காமல், "எக்ஸாம் திருப்பி வரும். அப்பொய்ன்ட்மென்ட் திருப்பி வராது," என்றார்.

"மொதல் தடவ ஃபெயிலானவ ரெண்டாந் தடவ போகலன்னா என்ன நெனப்பாங்க?"

"யாரு நெனக்கிறது? அங்க ஒன்னைய யாருக்குத் தெரியும்? இங்க நாளைக்கு ஒரு தொழில் இருந்தா ஊருக்கே தெரியும்."

"நான் திகதிய மாத்திக் கேக்குறேன்ப்பா."

அடுத்த நாள் பறக்கும் பள்ளி அலுவலகத்துக்கு அழைத்தேன். எடுத்தவர் வேறொருவரிடம் கொடுத்தார். அவர் இன்னொருவர் வரும்வரை பொறுக்கச் சொன்னார். பொறுத்தேன். பாட்டு ஓடியது. பாட்டு நின்றது, தொடர்பும் அறுந்தது. மறுபடி அழைத்தேன், மறுபடி முதல் ஆளிடமிருந்து தொடங்கினேன். கடைசியில் ஒரு பெண், திகதியை மாற்ற முடியாது, இதை விட்டால் அடுத்தது எப்போது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை பிடிக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை.

வீட்டில் அதன் பிறகு யாரும் சத்தம் போடவில்லை. அம்மா என்னுடைய நல்ல சேலை ஒன்றை இஸ்திரி போட்டு அலுமாரிக் கதவில் தொங்கவிட்டார். நேர்முகப் பரீட்சைக்கு உடுத்துவதற்கு. நான் அதைத் தினமும் பார்த்தேன், அம்மாவும் நான் பார்ப்பதைப் பார்த்தார். சோற்றைப் போட்டுவிட்டு, "படிச்சியா?" என்று கேட்பார். எதைப் படித்தாய் என்று கேட்கவில்லை. நான் படித்தேன் என்பேன்.

அந்த நாள் காலையில் நான் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. அப்பா வாசலில் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப முடிவு பண்ணிட்ட," என்றார்.

"ஆமாப்பா."

"ஒங்கம்மாவுக்கு நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அடுப்படிக் கதவில் நின்று, "போய்ட்டு வாரேன்மா," என்றேன். அம்மா திரும்பாமல், "குடை எடுத்துக்க," என்றார். பஸ்ஸில் ஏறி பெல்மதுளை வரும் வரைக்கும் நான் படிக்கவில்லை. எனக்கே என் மேல் ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு பிடிவாதம் பிடித்துவிட்டு இன்றைக்கும் தேறாமல் போனால் எந்த முகத்தோடு வீட்டுக்குத் திரும்புவது என்ற ஒரே யோசனைதான்.

மண்டபத்தில் இந்தத் தடவை நேரம் இருந்தது. ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசைய வாசித்தேன். பிறகு மனதுக்குள் மாவனல்லைக்காரிக்குச் சொல்வதுபோல் தமிழில் சொன்னேன். பக்கத்தில் இருந்த பையன் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். சில கேள்விகள் அப்படியும் விளங்கவில்லை. முகில் பற்றிய ஒன்றைக் குருட்டாம்போக்கில்தான் அழுத்தினேன். வெளியே வந்தபோது நன்றாகச் செய்தேன் என்ற நம்பிக்கை எதுவும் இல்லை. தலைவலி மட்டும் இருந்தது.

தேறியிருந்தேன். செய்தி வந்தபோது பிள்ளைக் காம்பராவின் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். ஓடி வந்து வீட்டில் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவினார், சிரிக்கவும் செய்தார். அப்பா ஃபோனை வாங்கிச் செய்தியை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அந்த இன்டர்வியூக்குப் போன நம்ம பக்கத்துப் புள்ளைங்க எல்லாத்துக்கும் குடுத்துட்டாங்களாம்."

"ஏங்க, இப்பவா அதச் சொல்லணும்?" என்றார் அம்மா.

"சொல்லாம விட்டா இல்லன்னு ஆயிருமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. என்னோடு விண்ணப்பித்தவர்கள் அந்த மாதமே சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கினார்கள். நான் தேறிய பைலட் மாணவியாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் பள்ளியில் எங்களுக்கென்று இருந்த ஒரே ஒரு விமானத்துக்கு உதிரிப்பாகம் வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் கேட்டால் அதற்கடுத்த வாரம். மாவனல்லைக்காரியும் அதே வரிசையில்தான் காத்திருந்தாள். "நான் முந்திப் பாஸாகி என்ன லாபம்?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. றக்வானை பஜாருக்குக் கூடப் போகாமல் இருந்தேன், எப்போது பறக்கிறாய் என்று யாராவது கேட்பார்கள் என்ற பயத்தில்.

கடைசியில் விமானம் சரியாகி என்னைக் கூப்பிட்டபோது பருவமே மாறியிருந்தது. பயிற்றுநருக்குப் பக்கத்தில், இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்தச் சின்ன விமானத்தில் ஏறினேன். உள்ளே பெற்றோல் வாசனை. வெயிலில் இருக்கை கொதித்தது. ஓடுபாதையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்திலேயே வயிற்றைப் புரட்டத் தொடங்கிவிட்டது. கடல் தெரிகிறது பார் என்று அவர் சொன்னார். நான் பார்த்தது என் மடியில் வைத்திருந்த கடதாசிப் பையை மட்டும்தான். திரும்பும் வழியில் ஒரு தடவை கட்டுப்பாட்டுத் தண்டை என் கையில் கொடுத்தார். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் அமைதியாக வாங்கிக்கொண்டார். இறங்கியதும், முதல் நாள் நிறையப் பேருக்கு இப்படித்தான் என்று சிங்களத்தில் சொல்லித் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

பஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டே அம்மாவுக்கு அழைத்தேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

"வாந்தி எடுத்துட்டேன்மா."

"அப்ப இனிமே வேணாம்னு சொல்லப் போறியா?"

"இல்லம்மா. அடுத்த கிளாஸ் செவ்வாய்க்கெழம."

"செவ்வாய்க்கெழமையா?" என்றார் அம்மா. "அப்ப காலையில ஒண்ணும் சாப்பிடாமப் போ. இஞ்சி போட்டு வெறுந்தேத்தண்ணி மட்டும் தாரேன்."